தண்ணீர் குடிக்காத பள்ளிக்கூடம்

புளியங்குறிச்சி அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு எந்த அதிகாரி வந்தாலும் முதலில் கழிப்பறையைத்தான் காட்டுவார்கள். காட்டும்படியாகத்தான் அதுவும் இருந்தது. எட்டு அறைகள், வெள்ளை வெளேரென்று ஓடுகள், முகம் பார்க்கலாம் போலத் தரை. ஈ கிடையாது, கொசு கிடையாது, நாற்றம் மருந்துக்கும் கிடையாது. ஊர்க் கல்யாண மண்டபத்தில்கூட இப்படி ஓர் இடம் இல்லை என்று தலைமையாசிரியை சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போவார். 2052-ஆம் வருடத்து ஆடி வெயிலில் சென்னையிலிருந்து வந்து இறங்கிய வசந்தகோகிலத்துக்கும் அதே பூரிப்பு இருந்தது. ஒரு பிடி கூடவே இருந்தது. இருக்காதா பின்னே, அந்தக் கழிப்பறைக்குள் இருக்கிற மூளை அவளுடையது.

ஒவ்வொரு கோப்பைக்குள்ளும் கட்டைவிரல் அளவில் ஒரு கருவி ஒட்டிக்கொண்டிருந்தது. பெயர் நலமணி. சுகாதாரத் துறையில் பொறியாளராகச் சேர்ந்த இருபது வருடத்தில் அவள் எத்தனையோ கருவிகள் செய்திருக்கிறாள். நாலு பேர் அவள் பெயரைச் சொல்ல வைத்தது இது ஒன்றுதான். மாணவி கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். உள்ளே போய்விட்டு வந்தால் போதும். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கோளாறு, மஞ்சள் காமாலை என்று பதினோரு விஷயங்களைக் கருவி தானே கண்டுபிடித்துவிடும். மாலை நாலரை மணிக்குப் பெற்றோரின் கைபேசிக்கு ஒரு பொட்டு போகும். எல்லாம் சரியென்றால் பச்சைப் பொட்டு. ஏதாவது இருந்தால் ஆரஞ்சுப் பொட்டு.

பதினோரு விஷயம் என்று பேச்சுக்குச் சொன்னாலும், அரசாங்கம் இதைக் கேட்டு வாங்கியது பதினோராவது விஷயத்துக்காகத்தான். அது கர்ப்பம். பத்துப் பதினைந்து வருடங்களில் பிள்ளைகள் மாறிவிட்டார்கள். ஆணும் பெண்ணும் பேசுவதும் பழகுவதும் மனதுக்குப் பிடித்ததை வாய்விட்டுச் சொல்வதும் சாதாரணமாகிவிட்டது. ஆனால் பிள்ளைகள் மாறிய வேகத்துக்கு வீடுகள் மாறவில்லை. இரண்டுக்கும் நடுவில் பள்ளிக்கூடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. படிக்கிற வயதில் கருவுறும் பெண்களின் எண்ணிக்கை ஏறியது. இதையெல்லாம் வகுப்பில் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று ஒருவர் சொன்னதும் ஒன்பது பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கருவி வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று கோகிலம் சொன்னதும் பத்துப் பேருக்கும் மூச்சு வந்தது.

நாற்பது பள்ளிகளில் மூன்று வருடச் சோதனை. புளியங்குறிச்சியில்தான் முதலில் வைத்தார்கள். மூன்று வருடத்தில் இங்கே பிடிபட்ட கர்ப்பம் பூஜ்யம். இன்றைக்குக் கோகிலம் வந்திருப்பது கடைசிப் பார்வைக்கு. நாலு மணிக்குத் துறைச் செயலாளர் திரையில் வருவார். அவள் சரி என்று ஒரு சொல் சொன்னால் மாநிலம் முழுக்க ஆறாயிரம் பள்ளிகளில் நலமணி ஏறிவிடும். சுதந்திர தினத்தன்று மேடையில் விருது வேறு காத்திருந்தது.

காலை ரயிலில் வரும்போதே மகளோடு கைபேசியில் ஒரு சின்ன உரசல். நிலானிக்குப் பதினாறு வயது. சோதனையில் இருந்த நாற்பது பள்ளிகளில் ஒன்றில்தான் அவளும் படித்தாள். கோகிலமே பார்த்துச் சேர்த்தது.

"தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேம்மா."

"எடுத்துட்டுப் போய் என்ன பண்ற? நேத்தும் அப்படியே திரும்பி வந்திருக்கு."

"மறந்துட்டேன்."

"தினமுமா மறப்பாங்க?"

அதற்குள் ரயில் ஏதோ பாலத்தில் ஏற, அழைப்பு அறுந்துவிட்டது. இந்த வருடத்தில் மட்டும் மூன்று பாட்டில் மாற்றியாகிவிட்டது. பிடித்த நிறத்தில் வாங்கிக்கொடுத்தாலாவது குடிப்பாளா என்று பார்த்தால், நிறம்தான் மாறியது. இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான் என்று கோகிலம் விட்டுவிட்டாள்.

மதிய இடைவேளை மணி அடித்ததும் அவள் கழிப்பறைக்குப் போனாள். கூட்டம் வருவதற்குள் கருவிகளை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். முதல் அறை, இரண்டாம் அறை என்று எட்டையும் பார்த்து முடித்தாள். வெளியே மைதானத்தில் நானூற்றுச் சொச்சம் பெண்களின் சத்தம் கேட்டது. உள்ளே ஒருத்தி வரவில்லை. சாப்பிட்டுவிட்டு வருவார்கள் என்று கால் மணி நேரம் நின்றாள். யாரும் வரவில்லை. சரி, கையையாவது கழுவுவோம் என்று தொட்டிப் பக்கம் போனாள்.

சோப்பு புதிதாக இருந்தது. எட்டுத் தொட்டியிலும் எட்டுச் சோப்பு, மேலே பதித்த எழுத்துகூட அழியாமல் இருந்தது. பக்கத்துச் சுவரில் துப்புரவாளர் கையெழுத்துப் போடும் அட்டை தொங்கியது. சோப்பு வைத்த தேதி பங்குனி மாதம். நாலு மாதமாகிறது. நாலு மாதம் நானூறு பெண்கள் புழங்கிய இடத்தில் சோப்பின் எழுத்து அழியாமல் இருக்க வழியில்லை.

கோகிலம் கையை நனைக்காமலே பலகைக் கணினியைத் திறந்தாள். நலமணி என்ன கண்டுபிடித்தது என்று மூன்று வருடமாகப் பார்த்திருக்கிறாள். எத்தனை பேரைப் பார்த்தது என்று ஒரு நாளும் தேடியதில்லை. இப்போது தேடினாள். நேற்று இந்தப் பள்ளியில் உள்ளே போனவர்கள் ஆறு பேர். முந்தாநாள் நாலு பேர். அதில் ஆசிரியைகள் எத்தனை பேரோ. பச்சைப் பொட்டு மட்டும் தினமும் எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. கெட்ட செய்தி வராத வரைக்கும் பச்சை என்பது அவள் எழுதிய விதி. எழுதியபோது அது அவளுக்கு ரொம்ப அழகாகத் தெரிந்தது.

மாடிப்படிக்குக் கீழே பள்ளிச் செவிலியர் அருள்மேரியின் அறை. நாற்பது வயது, கட்டையான உருவம், முகத்துக்கு நேரே பேசுகிற பழக்கம். உள்ளே ஒரு கட்டிலில் ஒரு பெண் சுருண்டு படுத்திருந்தாள். அருள்மேரி அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரத்தில் ஐந்தாறு தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. எல்லாம் கழுத்து வரை நிறைந்திருந்தன. கோகிலத்துக்கு மனதில் எதுவோ இடறியது. என்னவென்று பிடிபடுவதற்குள் அருள்மேரி திரும்பிவிட்டார்.

"சிஸ்டர், இடைவேளையில ஒரு பிள்ளைகூட டாய்லெட் பக்கம் வரலையே?"

"வர மாட்டாங்க மேடம்."

"வேற டாய்லெட் எதுவும் இருக்கா?"

"இல்ல. வீட்டுக்குப் போய்த்தான்."

"காலையில எட்டு மணிக்குக் கிளம்புற பிள்ளை வீடு சேர அஞ்சு ஆகும். ஒம்பது மணி நேரம் எப்படி அடக்குவாங்க?"

"அதுக்குத்தான் மேடம் தண்ணியே குடிக்கிறதில்ல." அருள்மேரி துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தார். "வீட்டுல பாட்டிலை நிறைச்சுக் குடுத்து விடுவாங்க. சாயந்திரம் வழியில வேலியோரம் கொட்டிட்டுப் போயிருவாங்க. மாசத்துக்குப் பதினஞ்சு இருபது பேரு அடிவயித்து வலி, எரிச்சல், காய்ச்சல்னு வந்து படுக்கிறாங்க. இவ பேரு தர்ஷிகா, பதினொண்ணாப்பு. இது மூணாவது தடவை. இப்போ முதுகு வலிக்குதுங்கிறா. கிட்னிக்கு ஏறிருச்சோன்னு எனக்குப் பயமா இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வாடின்னா வர மாட்டேங்கிறா."

"எனக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"மூணு தடவை எழுதிப் போட்டேன் மேடம். கருத்து பெறப்பட்டதுன்னு மூணு தடவையும் பதில் வந்துச்சு."

கோகிலத்துக்கு நினைவு வந்தது. ஏதோ ஓர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'சில பள்ளிகளில் பயன்பாட்டுத் தயக்கம்' என்று ஒரு வரி இருந்தது. படித்துவிட்டுத் தள்ளியவள் அவளேதான். முகம் சூடாயிற்று.

கட்டிலில் இருந்த தர்ஷிகா கண்ணைத் திறந்தாள். "சிஸ்டர், இவங்கதான் அத்தையைச் செஞ்சவங்களா?"

"எந்த அத்தை?" என்றாள் கோகிலம்.

"அந்த மெஷினுக்குப் பிள்ளைங்க வச்ச பேரு மேடம்," என்றார் அருள்மேரி. "வீட்டுல போய் வத்தி வைக்குதுல்ல, அதான்."

வேறு நேரமாக இருந்தால் கோகிலம் சிரித்திருப்பாள். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"இங்க பாரும்மா. உனக்கு மறைக்க ஏதாவது இருக்கா? இருந்தாலும் நான் யாருகிட்டயும் சொல்லப்போறதில்ல."

"எனக்கு மறைக்க ஒண்ணும் இல்ல மேடம். நான் யாரையும் லவ்வும் பண்ணல, ஒண்ணும் பண்ணல. ஆனா ஆரஞ்சு போச்சுன்னா அதை எங்க போய் நிரூபிக்கிறது? ஆரஞ்சு எதுக்கு வந்துச்சுன்னு அத்தை சொல்லாதே."

"எதுக்குன்னு டாக்டர்கிட்ட போனா தெரிஞ்சிரும்."

"டாக்டர்கிட்ட யாரு கூட்டிட்டுப் போறாங்க?" என்றாள் தர்ஷிகா. வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி படுத்துவிட்டாள். படுத்துக்கொண்டே சொன்னாள்: "முத்துரேகாக்காவைக் கேளுங்க."

முத்துரேகாவின் வீடு பள்ளிக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் இருந்தது. அருள்மேரியும் கோகிலமும் போனபோது அவள் முற்றத்து நிழலில் உட்கார்ந்து சூரிய விளக்குகளுக்கு வயர் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. பக்கத்தில் இரண்டு வயதுப் பையன் ஒருவன் அட்டைப்பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து, அதை ஓட்டிக்கொண்டிருந்தான். அருள்மேரி அறிமுகம் செய்துவைத்ததும் முத்துரேகா கோகிலத்தை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. ரொம்ப நாளாகப் பார்க்க நினைத்த ஆளைப் பார்க்கிற பார்வை அது.

"உங்க மெஷின் நல்லாத்தான் வேலை செஞ்சுச்சு மேடம். எனக்கு நிசமாவே நோவு இருந்துச்சு. அது பொய் சொல்லல."

"என்ன நடந்துச்சும்மா? எனக்கு முழுசாத் தெரியணும்."

"நான் பதினொண்ணாப்பு. மெஷின் வச்சு ரெண்டாவது வாரம். ஸ்கூல்ல எங்க தாய்மாமா நம்பரைத்தான் குடுத்திருந்தோம். அவருதானே அட்மிஷனுக்கு வந்தாரு. சாயந்திரம் டீக்கடையில நாலு பேரோட உக்காந்திருக்காரு, போன்ல ஆரஞ்சு வந்திருச்சு. உங்கள் பிள்ளைக்கு மேல் பரிசோதனை தேவை. அவ்வளவுதான் போட்டிருந்துச்சு." அவள் பற்றவைக்கும் கம்பியை ஓரமாக வைத்தாள். "அந்த மெஷினை எதுக்கு வச்சிருக்காங்கன்னுதான் ஊருக்கே தெரியுமே. மாமா வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட ஒத்த வார்த்தை பேசல. போனை மட்டும் நீட்டுனாரு. எங்கம்மா நெஞ்சுல அடிச்சுக்கிட்டு உக்காந்திருச்சு. எனக்கு என்னன்னே தெரியல. எரியுது, ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு சொல்றேன். யாரும் காதுல வாங்கல."

"ஆஸ்பத்திரிக்கு?"

"போனா ஊருக்குத் தெரிஞ்சிரும்ல. பத்தாம் நாள் மலைக்கோயில்ல வச்சு மாமாவோட தம்பிக்குக் கட்டி வச்சுட்டாங்க. போட்டோகூட எடுக்கல. கட்டினப்புறம் குளிர் காய்ச்சல் வந்து விழுந்துட்டேன். அப்பதான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. சிறுநீர்ல கிருமின்னாரு. அஞ்சு நாள் மாத்திரை. நல்லாயிருச்சு." முத்துரேகா அதைச் சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். "அஞ்சு நாள் மாத்திரையில போக வேண்டியதுக்குப் பத்தாம் நாள் கல்யாணம். மாமா டாக்டர் ரூம் வாசல்லயே உக்காந்து அழுதாரு. அழுது என்ன செய்ய, தாலி ஏறிருச்சே."

பையன் பெட்டியிலிருந்து இறங்கி வந்து அவள் மடியில் விழுந்தான். அவள் அவன் தலையைக் கோதிவிட்டாள்.

"எனக்குப் பதினேழு முடியறதுக்குள்ள இவன் பொறந்துட்டான். ஆஸ்பத்திரியில வயசைப் பத்தொம்பதுன்னு எழுத வச்சாங்க. உங்க மெஷின் வராம இருந்தா இவன் இந்நேரம் பொறந்திருக்க மாட்டான் மேடம். அதுக்காக இவனை வேணாம்னு சொல்ல முடியுமா? ஆனா படிப்பு போச்சு. நான் கணக்குல நூத்துக்கு நூறு."

கோகிலம் பலகைக் கணினியில் அவள் பெயரைத் தேடினாள். இருந்தது. 'முத்துரேகா, பதினொன்றாம் வகுப்பு, இடம் மாறிச் சென்றார்' என்று எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டுப் போனவளை அதற்குமேல் நலமணி எண்ணுவதில்லை. பள்ளி வயதுக் கர்ப்பத்தைத் தடுக்க வைத்த கருவி ஒரு பள்ளி வயதுப் பெண்ணைக் கர்ப்பமாக்கியிருக்கிறது, பூஜ்யத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை. கோகிலத்துக்கு அந்த முற்றத்தில் உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. அவமானமாக இருந்தது.

மாமாவின் கைபேசிக்குப் போன அந்த வாசகம் கோகிலம் எழுதியது. குழுவில் அதற்காக ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். தொற்று என்றால் தொற்று, சர்க்கரை என்றால் சர்க்கரை என்று எழுதிவிடலாம். பதினோராவதை எப்படி எழுதுவது? ஒரு தகப்பன் கைபேசியில் அந்தச் சொல் போய் விழலாமா? பெரியவர்கள் எல்லாரும் கூச்சத்தில் நெளிந்தார்கள். பதினொன்றுக்கும் பொதுவாக 'மேல் பரிசோதனை தேவை' என்று போட்டுவிடலாம் என்று கோகிலம்தான் வழி சொன்னாள். நாகரிகமாக இருக்கிறது என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

"என்ன செஞ்சிருந்தா உனக்கு நல்லதா இருந்திருக்கும் முத்துரேகா?"

அவள் யோசிக்கவே இல்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாம் மேடம். என் உடம்புதானே. என்ன நோவுன்னு பேரைச் சொல்லி, என்கிட்ட சொல்லியிருந்தா நானே சிஸ்டர்கிட்ட வந்து மாத்திரை வாங்கியிருப்பேன்."

 திரும்பி வரும் வழியெல்லாம் அருள்மேரிதான் பேசிக்கொண்டு வந்தார். பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் வந்தால் டீச்சர் வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறார் என்றார். பிள்ளைகள் தன்னிடம் வந்து கேட்கிற கேள்விகளைக் கேட்டால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும் என்றார். "பிள்ளைங்க கெட்டுப் போகல மேடம். வெளிப்படையாப் பேசுறாங்க, அவ்வளவுதான். அதுக்குப் பதில் சொல்லத்தான் ஆள் இல்ல."

அறைக்கு வந்ததும் கோகிலம் தர்ஷிகாவின் அம்மாவைக் கைபேசியில் அழைத்தாள். அழைக்கலாமா என்று தர்ஷிகாவிடம் முதலில் கேட்டாள். அவள் வெகுநேரம் யோசித்து, "என்னன்னு பேரைச் சொல்லிப் பேசுறதா இருந்தா பேசுங்க," என்றாள்.

"அம்மா, நான் சென்னையில இருந்து வந்திருக்கேன், சுகாதாரத் துறை. உங்க பொண்ணைச் சிஸ்டர் பார்த்துட்டாங்க, சிறுநீர்த் தொற்று. ஒண்ணுக்கு அடக்கி அடக்கி, தண்ணி குடிக்காம இருந்து வந்தது. கர்ப்பம் இல்ல. நல்லாக் கேட்டுக்கங்க, கர்ப்பம் கிடையாது. தொற்று கிட்னிக்கு ஏறாம இருக்கணும்னா இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நாலரைக்கு ஸ்கூல் வேன்ல சிஸ்டரே கூட்டிட்டு வருவாங்க, நீங்க நேரா அங்க வந்துருங்க."

அந்தச் சொல்லை இத்தனை வருடத்தில் அவள் கருவியோடு சேர்த்து வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுப் பார்த்தால் ஒன்றும் ஆகிவிடவில்லை.  மறுமுனையில் அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இப்படி விளக்கமாச் சொன்னாத்தானே தாயி எங்களுக்குப் புரியும். இந்தா கிளம்பிட்டேன்," என்றார்.

நாலு மணிக்கு அந்த அறையிலேயே செயலாளர் திரையில் வந்தார். நல்ல மனிதர், அவசரக்காரர். விருது வாசகத்தைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க கோகிலம், ஆர்டரை அனுப்பிடறேன்."

"இப்போ இருக்கிற மாதிரி வைக்கக் கூடாது சார்."

அவள் நடந்ததைச் சொன்னாள். சோப்பிலிருந்து ஆரம்பித்து முத்துரேகா வரைக்கும், தன் தப்பையும் விடாமல் சொன்னாள். கருவியில் மூன்று விஷயம் மாற வேண்டும் என்றாள். செய்தி அந்தப் பெண்ணுக்கு மட்டும் போக வேண்டும். நோயின் பெயரை உள்ளபடி சொல்ல வேண்டும். கருவி ஏறுகிற பள்ளியில் அதற்கு முன்னால் ஓர் ஆள் வகுப்புக்குள் போய், உடம்பைப் பற்றிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

"பெத்தவங்க ஒத்துக்குவாங்களா? நிஜமாவே ஒரு பொண்ணு கர்ப்பமா இருந்தா என்ன பண்றது?"

"அப்போ முதல்ல அவளுக்குத் தெரியணும் சார். அடுத்தது அவ நம்புற ஒருத்தருக்கு. சிஸ்டர் இருக்காங்க, டாக்டர் இருக்காங்க, சட்டம் இருக்கு. அவளை யாராவது மிரட்டி நாசம் பண்ணியிருந்தா, அந்த ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தா? நாம இப்போ சேதி அனுப்புறது அவனோட போனுக்கு."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பூஜ்யம் போயிடும் கோகிலம். முதல் வருஷமே நம்பர் ஏறும். என்னைக் கேள்வி கேப்பாங்க."

"ஏறும் சார். அதுதான் நிஜமா இருக்கிற நம்பர். பூஜ்யம் நாம பார்க்காம விட்ட நம்பர்."

"நீங்களும் ஒரு அம்மா. உங்க பொண்ணைப் பத்தி உங்களுக்கு ஒரு தகவலும் வராதுன்னா ஒத்துக்குவீங்களா?"

சரியாக அப்போதுதான் மணி நாலரை ஆயிற்று. மேசையில் கிடந்த அவள் கைபேசி சிணுங்கியது. திரையில் பச்சைப் பொட்டு. 'நிலானி: நலம்.'

கோகிலம் அந்தப் பொட்டைப் பார்த்தாள். தினமும் இதே நேரத்துக்கு இதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்த்திருக்கிறாள். இப்போது ஜன்னல் ஓரத்துப் பாட்டில்கள் கண்ணில் பட்டன. மதியத்திலிருந்து மனதில் இடறிக்கொண்டிருந்தது என்னவென்று பிடிபட்டது.  மகளின் பெயரைத் தட்டிப் பார்த்தாள். இந்த வருடம் பள்ளி திறந்த நாளிலிருந்து நிலானி ஒரு தடவைகூட உள்ளே போயிருக்கவில்லை.

"கோகிலம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். ஒத்துக்கறேன். சோதனை முடியற வரைக்கும் நாற்பது ஸ்கூலும் என் பொறுப்புதானே? வீட்டுக்குப் போற சேதியை இப்பவே நிறுத்துறேன். மத்ததை நாளைக்கு எழுத்துல தர்றேன். அந்த விருதை இந்த வருஷம் வேற யாருக்காவது குடுத்துருங்க."

"அவசரப்படறீங்க."

"மூணு வருஷம் லேட் சார்," என்றாள் கோகிலம்.  எழுத்தில் வரட்டும், பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுச் செயலாளர் மறைந்தார். அவரை வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இதைவிடக் கடினமான ஆட்களையெல்லாம் பார்த்தவள் அவள். அருள்மேரி தர்ஷிகாவைக் கைத்தாங்கலாக வேனுக்கு அழைத்துப் போகும்போது, கோகிலம் நாற்பது பள்ளிகளின் பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு நிறுத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கோகிலம் சென்னை வந்து சேர்வதற்குள் நிலானி பள்ளிக்குக் கிளம்பிப் போயிருந்தாள். கோகிலம் அலுவலகத்திலிருந்து சீக்கிரமே கிளம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். நாலரைக்குக் கைபேசி சிணுங்கவில்லை. அந்த நேரத்தில் அது சும்மா கிடந்தது என்னவோ போல இருந்தது. தர்ஷிகாவுக்கு மருந்து ஏறுகிறது, காய்ச்சல் இறங்கிவிட்டது, சிறுநீரகத்துக்கு ஆபத்தில்லை என்று அருள்மேரியின் செய்தி மட்டும் வந்திருந்தது.

ஐந்து மணிக்கு நிலானி வந்தாள். செருப்பைக் கழற்றினாள், பையைச் சோபாவில் போட்டாள், பாட்டிலை எடுத்துச் சமையல் மேடையில் வைத்தாள். நிறைந்திருந்தது. அம்மா திட்டப்போகிறாள் என்று தோளை விறைத்துக்கொண்டு நின்றாள்.

கோகிலம் திட்டவில்லை. "பச்சைப் பொட்டை நிறுத்திட்டேன்," என்றாள். "இனிமே என் போனுக்கு எதுவும் வராது."

"எங்க ஸ்கூல்லயா?"

"எல்லா ஸ்கூல்லயும். இனிமே மெஷின் என்ன பார்த்தாலும் உனக்குத்தான் சொல்லும். பேரைச் சொல்லியே சொல்லும்."

"நிஜமாவா? நாளைக்கு மனசு மாறிட மாட்டியே?"

"மாட்டேன்."

நிலானி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேடையிலிருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தாள். அண்ணாந்து, வாயில் படாமல், மூச்சு விடாமல் குடித்தாள். பாட்டில் காலியாகும் வரை குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மூடியைத் திருகிக்கொண்டே, எங்கோ பார்த்தபடி சொன்னாள்.

"அம்மா, ரெண்டு மாசமா எனக்கு எரியுதும்மா."

ரெண்டு மாதம். ரெண்டு மாதமாக ஒவ்வொரு நாளும் நாலரை மணிக்கு அவள் மகள் நலம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்ற கேள்வி கோகிலத்தின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பதில் தெரிந்த கேள்வி என்பதால் அதை விழுங்கிவிட்டாள். மகளின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"இன்னைக்கும் எரியுதா?" என்று கேட்டாள்.